பழகிப்போனதும் போதுமானதும்: மனநிறைவு பற்றி ஓர் எளிய விளக்கம்

கொங்கு நாட்டில் ஒருவரை உயர்த்திச் சொல்ல வேண்டுமென்றால் "நல்ல உழைப்பாளிங்க" என்பார்கள். அதைவிடப் பெரிய பட்டம் இங்கே கிடையாது. கிணறு வற்றினால் ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய் இறக்குவதும், நான்கு தறியை எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்குவதும் போற்றப்படும் மண்ணில், மனநிறைவைப் பற்றிப் பேசுகிறவரைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உழைக்கச் சோம்பிப் பேசுகிறாரோ என்ற ஐயம் எழும். மறுபுறம், "போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்ற பழமொழியோ கல்யாண மண்டப வாழ்த்துரை முதல் வாட்ஸ்அப் காலை வணக்கம் வரை அன்றாடம் வந்துகொண்டேயிருக்கிறது. அதைச் சொல்கிறவர் பெரும்பாலும் வசதி படைத்தவராகவும், கேட்டுக்கொள்கிறவர் கூலியை உயர்த்தித் தரும்படி வந்து நின்றவராகவும் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சந்தேகப்படுகிறவர், அறிவுரை சொல்கிறவர் ஆகிய இருவரும் ஒரே கருத்திலிருந்துதான் புறப்படுகிறார்கள்: மனநிறைவு என்றால் ஆசையைக் குறைத்துக்கொள்வது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியல் ஆய்வுகள் சேர்த்துள்ள செய்திகளைப் படித்தால், ஆசையின் அளவைவிடக் கவனத்தின் போக்குதான் இதில் பெரிய பங்கு வகிக்கிறது என்பது புலப்படும். கையில் இருப்பது ஏன் கண்ணில் படாமல் போகிறது, மீண்டும் அதை எப்படிக் கண்ணில் படச் செய்யலாம், அப்படிச் செய்யவே கூடாத இடம் எது என்ற மூன்றையும் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

தறி நின்றால் விழித்துக்கொள்ளும் வீடு

சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன் இருப்பது வழக்கம். குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் நாடா இரு பக்கமும் அடித்துத் திரும்பும் ஓசை இரவிலும் ஓயாது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் உறவினர் முதல் இரவில் கண் மூடமாட்டார். வீட்டுக்காரரோ "பழகிப் போச்சுங்க, இப்பெல்லாம் சத்தமே தெரியறதில்லீங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உறங்குவார். அவர் திடுக்கிட்டு எழுவது எப்போதென்றால், நள்ளிரவில் மின்சாரம் போய்த் தறிகள் நிற்கும்போதுதான். சத்தத்தில் உறங்கியவரை அமைதி எழுப்பிவிடுகிறது.

இங்கே காது தன் வேலையை நிறுத்திவிடவில்லை. மாறாமல் திரும்பத் திரும்ப வரும் ஒரு தூண்டலால் புதிய செய்தி ஏதும் கிடைப்பதில்லை என்று கண்டுகொண்ட மூளை, அதற்குக் காட்டும் எதிர்வினையைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது. இதைப் பழக்கமடைதல் என்கிறோம். மாற்றம் நேர்ந்தால் மட்டும் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும். மாறாதிருப்பதற்குக் கவனத்தைச் செலவிடக் கூடாது. உயிர் பிழைப்பதற்கு மிகச் சிக்கனமான ஏற்பாடு இது. எதையும் பழக்கமாக்கிக்கொள்ளாத மூளையோடு ஒருவர் கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் கூட நிற்க முடியாது.

இன்பமும் பழகிப்போகும்

ஓசைக்கு நடப்பது வாழ்க்கை வசதிகளுக்கும் ஓரளவு நடக்கிறது. புது வீட்டின் கிரானைட் தரை, முதல் மாதச் சம்பளம், ஏங்கிப் பிறந்த குழந்தை, முழங்கால் வலி நீங்கிய நிம்மதி ஆகிய எல்லாமே முதலில் உள்ளத்தை நிறைத்து, பிறகு அன்றாடத்தின் பின்னணியில் கலந்துவிடுகின்றன. நல்லதாயினும் கெட்டதாயினும், ஒரு மாற்றம் தந்த உணர்ச்சி காலப்போக்கில் தணிந்து, மனம் தன் பழைய நிலையை நோக்கித் திரும்புவதற்கு மகிழ்ச்சித் தகவமைவு என்று பெயர். ஃபிலிப் பிரிக்மன், டொனால்ட் கேம்பல் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1971-இல் இக்கருத்துக்கு உருவம் கொடுத்தார்கள்.

இதற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆய்வு, பிரிக்மனும் இரு சக ஆய்வாளர்களும் 1978-இல் வெளியிட்டது. லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேர், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேர், இரண்டிலும் சேராத 22 பேர் ஆகியோரிடம் அவர்கள் மகிழ்ச்சியை மதிப்பிடச் சொன்னார்கள். பரிசு பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலை உணவு உண்பது, நகைச்சுவை கேட்பது போன்ற சிறு செயல்களில் அவர்கள் அடைந்த இன்பமோ மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பெரிய இன்பம் வந்து அளவுகோலை உயர்த்திவிட்டதால், பழைய சிறு இன்பங்கள் குட்டையாகிப்போயின.

இந்த ஆய்வைத்தான் மேடைப் பேச்சாளர்கள் தவறாக எடுத்தாள்கிறார்கள். "கோடி கிடைத்தாலும் கால் போனாலும் ஓராண்டில் இருவருக்கும் ஒரே மகிழ்ச்சிதான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. விபத்துக்குள்ளானவர்களின் மகிழ்ச்சி மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தே இருந்தது. பணம் பயனற்றது என்பதும் நிலைநாட்டப்படவில்லை: சுவீடனில் லாட்டரிப் பரிசு பெற்றவர்களைப் பற்றி 2020-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வொன்றில், பெரிய தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகளுக்கு மேலும் உயர்ந்தே இருந்தது தெரியவந்தது. தகவமைவு என்பது உணர்ச்சியைத் தணிக்கும் போக்கு. எல்லாவற்றையும் துடைத்தழித்துச் சமமாக்கும் விதியாக அதைக் கொள்ளக் கூடாது. வேலையிழப்பு போன்ற அடிகள் ஆண்டுகள் கடந்தும் தழும்பாக நிற்பதாகப் பிற ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மாறாதிருப்பதை மனம் கவனிக்காமல் விடுவது அதன் இயல்பு, அதனால் நன்மைகளும் கண்ணிலிருந்து மறைகின்றன. இதை நன்றிகெட்டதனம் என்று ஒருவரைப் பழிப்பது, தறிச் சத்தம் கேட்கவில்லை என்பதற்காக நெசவாளியைச் செவிடர் என்பதற்கு ஒப்பாகும்.

அடுத்த தோட்டத்து வீடு

கவனம் பின்வாங்கிய இடத்தில் ஒப்பீடு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தம் நிலையை அளக்க நேரான அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் தம்மைப் போன்ற பிறரோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். இது சமூக ஒப்பீடு எனப்படும். "தம்மைப் போன்ற" என்பதுதான் இதில் முக்கியம். திருப்பூரில் இருபது மெஷின் வைத்துப் பனியன் தைக்கும் ஒருவருக்கு அம்பானியின் வீடு உறுத்துவதில்லை. கூடவே டெய்லராக இருந்து, பின்னால் தனியாகத் தொழில் தொடங்கி, இன்று நேரடி ஏற்றுமதி ஆர்டர் எடுக்கும் பழைய கூட்டாளியின் வீடுதான் உறுத்துகிறது. இதைக் குணக்கேடு என்று சொல்ல நான் தயங்குவேன். அந்த உறுத்தல்தான் இந்த வட்டாரத்தின் பாதித் தொழிற்கூடங்களைக் கட்டியது. ஆனால் ஒப்பீட்டுக்கு ஒரு குறை உண்டு: அது முடிவதேயில்லை, மேல்நோக்கியே பார்க்கிறது.

நன்றியுணர்வும் நன்றிக்கடனும்

மனநிறைவோடு சேர்த்துப் பேசப்படும் நன்றியைப் பற்றித்தான் குழப்பம் இன்னும் அதிகம். ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

நன்றியுணர்வில் இரண்டு பகுதிகள் உள்ளன. எனக்கு ஒரு நன்மை வாய்த்திருக்கிறது என்று அறிவது ஒன்று. அந்த நன்மையின் ஊற்று, முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ, எனக்கு வெளியே இருக்கிறது என்று ஏற்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பகுதிதான் "எல்லாம் என் உழைப்பு" என்று சொல்லிப் பழகியவர்களுக்குத் தொண்டையில் சிக்குகிறது.

நன்றிக்கடன் இதனின்று வேறானது. பெற்றதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை உணர்வதே நன்றிக்கடன். கல்யாணத்தில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நோட்டில் பெயர், ஊர், தொகை எழுத, மற்றொருவர் பணத்தை எண்ணிப் பையில் போடுகிறார். அந்த நோட்டு வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கும். பிறகு எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அதைப் புரட்டிப் பார்த்து, அவர் எழுதியதற்குக் குறையாமல் எழுதுவார்கள். உறவைக் காக்கும் நல்ல ஏற்பாடுதான் இது. இருப்பினும் அந்த நோட்டைப் புரட்டும்போது நெஞ்சில் எழுவது பெரும்பாலும் கணக்குதான்.

பிலிப் வாட்கின்ஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2006-இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். உதவி செய்தவர் பதிலுக்கு எதிர்பார்ப்பது கூடக் கூட, உதவி பெற்றவரிடம் கடன்பட்ட உணர்வு ஏறுகிறது, நன்றியுணர்வோ இறங்குகிறது. "உன்னை வளர்த்து ஆளாக்கினேனே" என்று நினைவூட்டிக்கொண்டேயிருக்கும் முதலாளிக்கோ மாமனுக்கோ நன்றி ஏன் உள்ளத்திலிருந்து வருவதில்லை என்பதற்கு இது ஒரு விடை.

கொங்கு நாடு இந்த நுட்பத்தை வேறு வழியில் அறிந்தே வைத்திருந்தது. பவானிக்கு அருகே அணை எழுப்பி, கொடுமுடிப் பக்கம் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு வளைந்து வளைந்து வாய்க்கால் வெட்டியவர் காலிங்கராயன். அப்பணி 1283-இல் நிறைவடைந்ததாகச் சொல்வார்கள். வாய்க்காலை வெட்டி முடித்த பிறகு, தன் நலத்துக்காகவே வெட்டினான் என்ற பேச்சு எழக் கூடாதென்று, தானும் தன் வழியினரும் அந்த நீரைத் தொடுவதில்லை எனச் சூளுரைத்துக் குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கத்து ஊற்றுக்குளிக்குப் போய்விட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. கதையின் ஒவ்வொரு வரியும் வரலாறா என்பது வேறு வழக்கு. எதிர்பார்ப்பின் கடைசி இழையையும் கொடுத்தவரே அறுத்துவிட்டுப் போனதாக மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். திருப்பிச் செலுத்த ஆளில்லை, கணக்கும் இல்லை. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தை மாதத்தில் அவர் பெயரால் மாலை போட்டு மலர் தூவுகிறார்கள் என்றால், அது கலப்பில்லாத நன்றியுணர்வு. ஆண்டில் ஒருநாள் இப்படி வைத்திருப்பதில் இன்னொரு பயனும் உண்டு: ஆண்டில் ஏறக்குறையப் பத்து மாதம் ஓடுகிற நீர், கவனிக்கப்படாமல் போவதற்கு எல்லாத் தகுதியும் உடையது.

சுருங்கச் சொன்னால்: நன்றிக்கடன் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது, நன்றியுணர்வு திரும்பிப் பார்க்கச் சொல்கிறது. மனநிறைவுக்கு உதவுவது இரண்டாவதே.

கவனத்தைத் திருப்பும் மூன்று வழிகள்

"நன்றியோடு இரு" என்று ஒருவருக்கு அறிவுரை சொல்வதால் எதுவும் நிகழ்வதில்லை. பழகிப்போன ஒன்றை மீண்டும் கவனிக்கச் செய்ய, மூளைக்கு ஏதேனும் ஒரு மாற்றத்தைக் காட்டியாக வேண்டும். ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட வழிகள் அனைத்தும் இதையே செய்கின்றன.

எழுதிவைப்பது முதலாவது. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதியில், மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை வாரம் ஒருமுறை தாம் நன்றியோடு நினைக்கும் ஐந்து வரையிலான செய்திகளைப் பத்து வாரங்கள் எழுதச் சொன்னார்கள். மற்றொரு பிரிவினர் தம் தொல்லைகளையும், இன்னொரு பிரிவினர் பொதுவான நிகழ்ச்சிகளையும் எழுதினார்கள். நன்றி எழுதியவர்கள் தம் வாழ்க்கையை மொத்தமாக மதிப்பிட்டபோது மற்றவர்களைவிட நன்றாக உணர்ந்தார்கள். ஆனால் அடிக்கடி எழுதினால் அதுவும் பழகிப்போய்விடும். சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினர் ஆறு வாரங்கள் நடத்திய சோதனையில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் கிட்டியது. வாரம் மும்முறை எழுதியவர்களுக்குக் கிட்டவில்லை. "குடும்பம், உடல்நலம், வேலை" என்று நாள்தோறும் ஒரே மூன்று சொற்களை எழுதுவது இம்போசிஷன் எழுதுவதற்குச் சமம். "செவ்வாய்க்கிழமை மழையில் பஸ் தவறியபோது எதிர் வீட்டு அக்கா குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போட்டார்" என்று எழுதினால் மனம் அந்தக் காட்சிக்குத் திரும்பப் போகிறது. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இப்பயிற்சியின் பலன் சிறியது என்று கண்டிருக்கிறார்கள். வாரம் பத்து நிமிடத்துக்குச் சிறிய பலன் மோசமில்லை. ஆனால் மனச்சோர்வு நோய்க்கு இது மருந்தாகாது. பல வாரங்களாக எதிலும் பிடிப்பின்றி, உறக்கமும் உணவும் கெட்டுப்போனவரிடம் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்று சொல்வது அவரைக் குற்ற உணர்வில் தள்ளும். அவரை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

இடைவெளி விடுவது இரண்டாவது. இனிய அனுபவத்துக்கு நடுவே இடையூறு நேர்ந்தால் அதன் இனிமை கூடுகிறது என்று லீஃப் நெல்சன், டாம் மேவிஸ் இருவரும் 2008-இல் காட்டினார்கள். ஒரு வாரம் சாக்லேட்டை விட்டிருந்தவர்கள், மீண்டும் உண்டபோது மற்றவர்களைவிட அதிகம் சுவைத்தார்கள் என்று 2013-இல் மற்றோர் ஆய்வு கண்டது. நமக்கு இது புதிதல்ல. பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பரப்பு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாததால், ஒரு பாதிக்கு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நன்செய்க்கும், மறு பாதிக்கு அதன் பிறகு புன்செய்க்கும் முறை வைத்துத் திறக்கிறார்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த கிளை வாய்க்காலில் முதல் நீர் சருகுகளையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும் காலையில் மதகடியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இடைவெளி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விரத நாள்களுக்கும் இப்படியொரு பக்கப் பயன் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

மூன்றாவது வழி, இல்லாமல் போயிருந்தால் என்று எண்ணிப் பார்ப்பது. இதை மனக்கழித்தல் என்று சொல்லலாம். மின்கியுங் கூ என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் செய்த ஆய்வில், தம் துணைவரை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலேயே போயிருக்கக்கூடிய வாய்ப்புகளை எழுதியவர்கள் தம் உறவில் அதிக நிறைவு கண்டார்கள். கேட்பதற்கு அபசகுனம் போலத் தோன்றும், "வாயில நல்ல வார்த்தை வராதா கண்ணு?" என்று அம்மாயி அதட்டவும் கூடும். ஆயினும் மூளைக்கு இது நள்ளிரவு மின்வெட்டைப் போன்றது: ஓடிக்கொண்டேயிருந்த ஒன்று ஒரு கணம் நிற்கும்போதுதான் அது ஓடிக்கொண்டிருந்ததே தெரிகிறது.

எங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது

தறிக்குடோனுக்கே திரும்புவோம். நாடாத் தறிகள் ஓடும் கூடத்தில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். ஆண்டுக்கணக்கில் அதில் நிற்பவரின் மனம் அந்த ஓசைக்குப் பழகிவிடுகிறது; உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் பழகுவதில்லை, அழிகின்றன. அழிந்தவை மீண்டும் வளர்வதில்லை. மனம் முறையிடாமல் இருப்பதால் உடலுக்குத் தீங்கில்லை என்று ஆகிவிடாது.

நன்மைகள் மறைவதைப் போலவே தீமைகளும் மறையும் என்பதுதான் இதன் பொருள். நெடுங்கால வறுமையிலும் புறக்கணிப்பிலும் வாழ்கிறவர்கள், கிடைக்கக்கூடியதற்கு ஏற்பத் தம் விருப்பங்களைச் சுருக்கிக்கொண்டு, குறையேதும் இல்லையென்று சொல்லக்கூடும் என்பதை 1998-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் அமர்த்தியா சென் பல இடங்களில் எடுத்துக்காட்டியிருக்கிறார். இதைத் தகவமைந்த விருப்பம் என்பர். "எங்களுக்கென்னங்க குறை" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்து, அதைச் சொல்கிறவர் நிறைவாக இருக்கிறாரா, குறையைக் கவனிப்பதையே நிறுத்திவிட்டாரா என்று தீர்மானிக்க முடியாது. அவரை அப்படிச் சொல்லும்படி பழக்குவதில் யாருக்கேனும் ஆதாயம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டையும் பிரித்தறிய, மேலே சொன்ன மனக்கழித்தலே கைகொடுக்கும். உங்கள் அன்றாடத்திலிருந்து ஒன்றை எண்ணத்தில் எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்ததும் வெறுமை தோன்றினால், அது கவனிக்க மறந்துபோன நன்மை. எடுத்ததும் "அப்பாடா" என்று மூச்சு வந்தால், அது வெறுமனே பழகிப்போன சுமை.

பல நேரங்களில் ஒரே பொருள் இரண்டிலும் பாதிப் பாதியாக நிற்கும். சோமனூர்ப் பக்கம் சொந்தத் தறியில் பிறருக்குக் கூலிக்கு நெய்து கொடுக்கும் ஒருவர், வீட்டை ஒட்டிய தன் குடோனை இப்படிக் கழித்துப் பார்த்தால், மதியச் சோற்றுக்கு நான்கு எட்டில் வீட்டுக்குள் போவதும், பள்ளி விட்டு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும், எவரிடமும் கைகட்டி நிற்காமல் சொந்தத் தறியை ஓட்டுவதும் இழப்பாகத் தோன்றும். காதின் இரைச்சலும், மின்கட்டணம் ஏறிய பிறகும் ஏறாத கூலியும் போனால் நிம்மதி என்று தோன்றும். முதல் பட்டியலுக்காக அவர் மனநிறைவு கொள்ளலாம். இரண்டாவது பட்டியலுக்காகக் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, 2022-லும் 2025-லும் அவ்வட்டாரத்து விசைத்தறியாளர்கள் செய்ததைப் போலத் தறியை நிறுத்தி, நெய்யக் கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளர்களிடம் ஒப்பந்தக் கூலியைக் கேட்கலாம். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாரத்தில் செய்வதில் முரண்பாடு எதுவும் இல்லை.